துக்க வீட்டுக்கு இரண்டு கிலோ மக்ரூத்

அன்று அந்த மனிதனிடம் நான் சொல்லாதவை: என் பெயர், என் வேலை, அவன் மனைவி அதுவரை என்னிடம் அழுதுகொண்டிருந்தாள் என்பது.

நான் இணையவழி மனநல ஆலோசகர். ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் வீட்டு விருந்தினர் அறையைப் பூட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். வீட்டில் சாவி உள்ள அறை அது ஒன்றுதான். ஒவ்வொரு அமர்வையும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார், கதவு சாத்தியிருக்கிறதா, யாராவது வந்துவிட்டால் நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்?

கடைசிக் கேள்விக்கு மப்ரூக்கா யோசிக்கவே இல்லை. "மக்ரூத்" என்றாள். கைரவானில் அவள் மாடியில் ரவை பிசைந்து, நடுவில் பேரீச்சை வைத்து, வெட்டிப் பொரித்துத் தேனில் போடுவாள். கணவன் கீழே கடையில் விற்பான். ஆர்டர் கொடுப்பவர்கள் அவளைக் கூப்பிடலாம், வேறு யாரும் கூப்பிடக்கூடாது. ஒருமுறை பள்ளித் தோழியின் எண் போனில் அகப்பட்டதற்கு அவள் இடது கை மாவுக்கட்டுக்குள் போயிருந்தது. இதற்கு மேல் அவள் சொன்ன எதையும் இங்கும் எழுதமாட்டேன்.

அன்று பேச்சின் நடுவே போன் அவள் கணவன் கைக்கு மாறியது.

"யாரு?"

"ஸ்ஃபாக்ஸ்லேருந்து. ரெண்டு கிலோ மக்ரூத் சொல்லிட்டிருந்தேன்."

"யார் வந்து வாங்குவா?"

"எங்க அக்கா அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. வியாழக்கிழமை வருவா."

கைரவானில் எனக்கு உண்மையிலேயே ஓர் அக்கா இருந்தாள், ஹாஜர். அவளிடம் போனில் சொல்ல வழியில்லை. அவளுடைய போன் அடுப்படியில் கிடக்கும், வருகிற செய்தியை மகள் சிரீன் முற்றத்துக்கே கேட்கும்படி வாசிப்பாள். எனவே இரண்டு ஊருக்கும் நடுவே லுவாஜ் என்கிற வாடகை வேன் ஓட்டும் தாஹர் மாமாவிடம் கூடையில் வைத்துக் கடிதம் கொடுத்தனுப்பினேன்.

இவை அந்தக் கடிதங்கள். மப்ரூக்கா படித்துச் சம்மதித்த பிறகே அச்சாகின்றன. பெயர்களை மாற்றினேன். மக்ரூத்தையும் வேறு பண்டமாக்கிவிடலாம் என்றேன். அது மட்டும் கூடாது என்றாள்.

*

ஸ்ஃபாக்ஸ், அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உம்மாவின் முழங்கால் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி எல்லோரும் நலம். மச்சானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? கூடையில் காய்ந்த கணவாய் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். பெரிய பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் ரிதா என்பவரின் மக்ரூத் கடை இருக்கிறது. வியாழக்கிழமை அங்கே போய், "ஸ்ஃபாக்ஸ்லேருந்து என் தங்கச்சி சொல்லிவச்சா" என்று இரண்டு கிலோ வாங்கிக்கொள். என் பெயர் வேண்டாம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதும் வேண்டாம். போகாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஏன் என்று கேட்காதே. இதைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தையும் பேசாதே.

உன் தங்கை,
விதாத்

*

கைரவான், அக்டோபர் 17

விதாத்துக்கு,

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் கொஞ்சம் மூளையையும் தரட்டும். கணவாய்க்கு நன்றி.

என் மாமனார் மவுத்தாகி மூன்று வாரம்தான் ஆகிறது. ஜனாஸாவுக்கு நீயும் வந்தாய், என் தோளில் சாய்ந்து அழுதாய். நாற்பதாம் நாள் கழியாத வீட்டுக்குள் இனிப்பு வராது என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லையா நீ?

கடிதம் காலையில்தான் கிடைத்தது. யோசித்தால் போகமாட்டேன் என்று யோசிக்காமல் போனேன். கடையில் கூட்டம். அந்த ரிதா என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க ஹாஜி சாலிஹ் மருமகதானே? துக்க வீட்டுக்கு இனிப்பா?"

வரிசையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது. பொய் சொல்லத் தெரியாதவள் என்று என்னை நினைத்திருந்தேன்.

"மாமாவுக்கு உங்க மக்ரூத்துன்னா உசிரு. அவர் பேரால ஓதற பிள்ளைங்களுக்குக் கொடுக்கறோம். அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவன் முகம் மாறிவிட்டது. துஆ செய்து, கையளவு கூடுதலாகப் போட்டான். அந்த மனிதர் உயிரோடிருந்தபோது சர்க்கரை வியாதிக்காரர். மக்ரூத்தைத் தொட்டதே இல்லை.

சொல்லியாகிவிட்டது, செய்துதானே ஆகவேண்டும்? பள்ளிவாசல் வாசலில் ஓதுகிற பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தால் வாசலில் நாத்தனார் ஷத்லியா. காலி டப்பாவிலிருந்து தேன் வழிகிறது.

"எங்க வாப்பா கபரு ஈரம் காயல. நீ தேனொழுக ஊர்வலம் போறியா?"

காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மச்சான் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். ஏன் என்று நீ சொல்லியே ஆகவேண்டும்.

ஹாஜர்

*

ஸ்ஃபாக்ஸ், அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் மனசும் நலமாக இருக்கட்டும். துக்கம் எனக்கு மறந்துபோனது. உண்மையாகவே மறந்துபோனது. ஷத்லியாவிடம் என்மேல் பழி போடு, எவ்வளவு வேண்டுமானாலும்.

ஆனால் வருகிற வியாழக்கிழமையும் போக வேண்டும். அதற்கு அடுத்ததும். நீ சொன்ன பொய்யைவிட நல்ல பொய் எனக்குத் தோன்றவில்லை. இனி ஒவ்வொரு புதன்கிழமையும் நான் ஆர்டர் கொடுப்பேன், மறுநாள் நீ போய் வாங்குவாய். நீ ஒரு வாரம் போகவில்லை என்றால், நான் கூப்பிட்டது ஆர்டர் இல்லை என்று ஆகிவிடும்.

இதைவிட அதிகமாக எழுத எனக்கு உரிமை இல்லை. என் ரகசியமாக இருந்திருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேன்.

விதாத்

*

கைரவான், நவம்பர் 7

விதாத்துக்கு,

எல்லோரும் நலம். சிரீனுக்குப் பல் விழுந்து, ஓதும்போது சீட்டி அடிக்கிறது.

நாற்பது முடிந்தது. நேற்று ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. வந்தவர்களில் பாதிப் பேர் ஷத்லியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வாப்பா பேர்ல வாராவாரம் பிள்ளைங்க வாய் இனிக்குதாமே" என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைப் பார்த்தேன். இரவு பாத்திரம் கழுவும்போது வந்து நின்று, "நாளைக்கு நானும் வர்றேன். ரெண்டு கிலோ காணாது, மூணா சொல்லச் சொல்லு உன் தங்கச்சிய" என்றாள். இன்று மூன்று கிலோ.

ரிதா விடவில்லை. "நாப்பதுதான் முடிஞ்சிருச்சே, இனி எதுக்கு?" என்றான். "வாப்பா செத்தா நாப்பது நாளோட முடிஞ்சிருமா உனக்கு?" என்று ஷத்லியா கேட்டாள். அவன் தராசை எடுத்தான்.

மாடிப்படியில் ரிதாவின் மனைவியைப் பார்த்தேன். தட்டை இறக்கி வைத்துவிட்டு உடனே மேலே போய்விட்டாள். வலது கையால் மட்டுமே தூக்கினாள். போகும்போது என் முகத்தைப் பார்த்தாள், உன் ஜாடையைத் தேடுகிறவள் போல.

உன் தொழில் எனக்குத் தெரியும். புதன்கிழமை, பூட்டிய அறை, பேர் சொல்லாத தங்கை. நான் முட்டாள் இல்லை. இதற்குப் பதிலாக ஒன்றும் எழுதாதே. ஏன் என்று சொல்லச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்குத் தெரியாததை யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

ஹாஜர்

*

ஸ்ஃபாக்ஸ், நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். எண்ணெய்ச் செக்குகள் ஓடத் தொடங்கிவிட்டன, ஊர் முழுக்க ஆலிவ் வாசனை. புது எண்ணெய் ஒரு கேன் அனுப்பியிருக்கிறேன்.

உம்மா நேற்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டேன். "கதவப் பூட்டிக்கிட்டு ஊர்ல இருக்கறவங்களயெல்லாம் நல்லாருக்கீங்களான்னு கேக்கறா. பெத்தவள ஒரு நாள் கேட்டதில்ல." அன்று மாலை உம்மாவைக் கேட்டேன். "என்ன, என்கிட்டயும் வேலை பாக்கறியா?" என்றாள்.

நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுதவில்லை, நீ சொன்னபடியே.

விதாத்

*

கைரவான், டிசம்பர் 12

விதாத்துக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. மச்சானுக்கு இருமல், இஞ்சி கொடுக்கிறேன். எண்ணெய் தொண்டையில் காரமாக இறங்குகிறது, நல்ல எண்ணெய்.

இன்று ரிதா டப்பாவைக் கட்டிக்கொண்டே கேட்டான். "உங்க தங்கச்சி மூணு கிலோ மக்ரூத் சொல்ல முக்கா மணி நேரம் எடுத்துக்கறாங்களே. அப்படி என்ன பேச்சு?"

"அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல தம்பி. மீன் வாங்கினாலும் அந்த மீனோட சொந்தபந்தத்தையெல்லாம் விசாரிச்சிட்டுத்தான் வாங்குவா."

கடை சிரித்தது. அவனும் சிரித்தான், கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பார்வையோடு அவன் மாடியை நிமிர்ந்து பார்த்ததை நானும் பார்த்தேன்.

சுருக்கமாகப் பேசு.

ஹாஜர்

*

இதற்கு நான் பதில் எழுதவில்லை. அமர்வுகளைச் சுருக்கினேன், கிழமையை மாற்றினேன். மப்ரூக்கா பதிவு செய்த அன்றே, அந்த எண்ணுக்கு நிறுவனத்திலிருந்து எந்தச் செய்தியும் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். புது வருடத்தில் யாரோ நிரலைப் புதுப்பித்தார்கள். நிறுவனத்தின் பெயரோடும் இலச்சினையோடும், "உங்கள் அடுத்த ஆலோசனை அமர்வை மறந்துவிடாதீர்கள்" என்று எல்லா எண்களுக்கும் ஒரு செய்தி போனது. அடுத்த அமர்வு நேரத்தில் அழைத்தபோது மப்ரூக்காவின் போனை யாரும் எடுக்கவில்லை.

*

கைரவான், ஜனவரி 9

விதாத்துக்கு,

நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நானும் ஷத்லியாவும் போனபோது கடையில் வழக்கமான கூட்டம். ரிதா எனக்கு ஸலாம் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். அவனுடைய போன் இல்லை அது.

"இது என்ன கம்பெனி? ஆலோசனையாமே. உன் தங்கச்சி யாரு? என் பொண்டாட்டிகிட்ட என்னத்தப் பேசறா?"

"எனக்குத் தெரிஞ்சது மூணு கிலோ மக்ரூத்து."

"பேரச் சொல்லு."

"சொல்லமாட்டேன். என் வீட்டுப் பொண்ணு பேரக் கேக்க நீ யாரு, கடைக்காரனா, போலீஸா?"

"அப்ப உனக்கு இங்க மக்ரூத் கிடையாது. போ."

நான் இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் ஷத்லியாவை அவன் மறந்துவிட்டான். அவள் கல்லாப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"எங்க வாப்பா பேர்ல பிள்ளைங்களுக்குப் போற தர்மத்த நிறுத்தப் போறியா? சத்தமா சொல்லு. பள்ளிவாசல் வரைக்கும் கேக்கட்டும்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "தம்பி, பாவத்தத் தேடிக்காத" என்று ஒரு கிழவர் சொன்னார். அப்போது படியில் காலடி கேட்டது. அவன் மனைவியே இறங்கி வந்தாள். உதட்டில் காயம், முக்காட்டை அதன்மேல் இழுத்திருந்தாள். இத்தனை பேர் முன்னால் அவனைத் தாண்டி வந்து, டப்பாவை என் கையில் வைத்தாள்.

"மூணு கிலோ. அடில இருக்கறது நல்ல தேன், நீங்களே பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் சந்தில் ஒதுங்கிப் பிரித்தேன். அடித்தட்டில், மெழுகுத்தாளில் சுற்றி, அவளுடைய அடையாள அட்டையும் மகளின் பிறப்புச் சான்றிதழும். ஷத்லியா இரண்டையும் நக்காத குறையாகத் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவின் துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். வருடம் கழியும்வரை அந்தப் பெட்டியை எங்கள் வீட்டில் யாரும் திறக்கமாட்டோம்.

இனி என்ன செய்ய? போலீஸுக்குப் போகவா? மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் அவனோடு பேசவா?

ஹாஜர்

*

ஸ்ஃபாக்ஸ், ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கைகளுக்கும் ஷத்லியாவின் கைகளுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும்.

எனக்கு வேலை போய்விட்டது. ஒரு கணவர் நிறுவனத்தைக் கூப்பிட்டாராம். தன் மனைவி அங்கே பேசுகிறாளா, என்ன பேசுகிறாள் என்று தெரிய வேண்டுமாம். எங்கள் இயக்குநர் முன்ஸிஃப் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவர் புருஷன்மா. மரியாதையாத்தான் பேசறாரு. மூணு பேரும் ஒண்ணா ஒரு அமர்வு உக்காந்தா எல்லாம் சரியாயிடும்."

"அப்படி ஒருத்தர் நம்மகிட்ட இருக்காங்களா இல்லையான்னே நாம சொல்லக்கூடாது" என்றேன்.

"வக்கீலோட வர்றேங்கறாரு."

"வரட்டும். அவர்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அப்ப உன்ன நான் எப்படி வச்சிக்கிறது?"

"வச்சிக்காதீங்க" என்றேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: ஒன்றும் செய்யாதே. மச்சான் அவனோடு பேசினால், அந்தப் பேச்சுக்கு அன்றிரவே பதில் சொல்லவேண்டியது அவள்தான். போலீஸுக்குப் போவதென்றால் அவள் போக வேண்டும். எப்போது, எங்கே என்பதும் அவளுடையது. நாம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அவன் செய்ததையே கொஞ்சம் அன்போடு செய்தவர்கள் ஆவோம்.

நீ செய்யக்கூடியது ஒன்றுதான். இனி அவளுக்கு நான் இல்லை. வியாழக்கிழமை இருக்கிறது. அதை விட்டுவிடாதே.

விதாத்

*

கைரவான், பிப்ரவரி 13

விதாத்துக்கு,

எல்லோரும் நலம். உம்மாவிடம் வேலை போனதைச் சொல்லிவிடு. பூட்டிய அறைக்குள்ளிருந்து இப்போது பேச்சுச் சத்தமே வராதே, அதனால் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். ரிதா பேசாமல் நிறுத்துக் கொடுப்பான். அவன் பின்னால் படியில் அவள் நிற்பாள். நான் தினமும் வீட்டில் இருப்பேன் என்று மட்டும் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்வதுபோல.

இன்று காலை நான் கிளம்புவதற்குள் கதவு தட்டப்பட்டது. அவள் நின்றாள், தலையில் தட்டு. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்த மகள். ரிதா ரவை மூட்டை எடுக்க மில்லுக்குப் போயிருக்கிறானாம். தட்டோடு போகிறவளைச் சந்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, மக்ரூத் கொண்டுபோகிறாள், அவ்வளவுதான்.

"எங்க காகிதம் ரெண்டும் வேணும்" என்றாள்.

ஷத்லியா மாமாவின் பெட்டியைத் திறந்தாள். வருடம் கழியவில்லையே என்று மச்சான் வாயெடுத்தார். "வாப்பா ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றாள் அவள்.

கஃப்ஸா ஊருக்குப் போகும் லுவாஜில் முன்சீட்டைத் தாஹர் மாமா பேசி வாங்கிக் கொடுத்தார். பிள்ளை கையில் ஒரு பொட்டலம் மக்ரூத். ஏறும்போது அவள் என்னிடம், "உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். பிறகு யோசித்து, "வேணாம். அவங்களுக்குத் தெரியும்" என்றாள். அது என்ன என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ரிதா வந்தான்.

"எங்க அவ?"

"மக்ரூத் வந்துச்சு" என்றேன். "நல்லா இருந்துச்சு."

கதவைச் சாத்தினேன். வெகுநேரம் தட்டினான். நாங்கள் உள்ளே உட்கார்ந்து, வருடம் கழியாத துக்க வீட்டுக்குள்ளேயே, தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டோம்.

ஹாஜர்

*

மப்ரூக்கா கஃப்ஸாவில் தன் உம்மாவின் வீட்டில் தங்கி விவாகரத்து வழக்குத் தொடுத்தாள். அவன் பக்கத்து வக்கீல் கேட்டு என்னையும் நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். அவள் என்னிடம் என்ன சொன்னாள் என்று நீதிபதி கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். மறு வருடம் அவளுக்கு விடுதலை கிடைத்தது, மகளும் அவளோடு இருக்கிறாள். வேறு ஒரு நிலையத்தில் எனக்கு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது.

ரிதாவுக்கு மக்ரூத் செய்யத் தெரியாது. அவள் போன வருடமே, ரமலானுக்கு முன்பே கடை மூடப்பட்டது.